மல்லனுக்குக் கணக்கு முடிந்ததா?

உதகைக்கு வடமேற்கே, தேயிலைச் சரிவும் காய்கறிப் பாத்தியும் மாறி மாறி வரும் மலைமடிப்பிலே அமைந்த ஊர் சோலூர். தை மாதத்து விடியலிலே புல்லெல்லாம் உறைபனி படிந்து வெளுத்துக் கிடக்கும். அந்தக் குளிரையும் பொருட்படுத்தாமல் ஞாயிறு காலை படிப்பகத்திலே வந்து கூடிவிடுகிறார்கள் நம் இளைஞர்கள். நாளேடு படிப்பார்கள், நாட்டு நடப்பு பேசுவார்கள், மாதம் ஒருமுறை சொற்போர் நடத்துவார்கள். பள்ளியாசிரியர் என்ற ஒரே காரணத்தால் நடுவர் நாற்காலி நமக்கென்று ஆகிவிட்டது.

சென்ற முறை அவர்கள் எடுத்துக்கொண்ட தலைப்பைக் கேட்டதும் நமக்குச் சிரிப்பு வந்தது. “ஓய்வு பெற்ற தொழில்முறை மல்லர்கள், தம்மை வளர்த்த தொழிலுக்கும் தம்மைப் போற்றிய ரசிகருக்கும் கடன்பட்டவரே” என்பது தலைப்பு. சாதியைப் பற்றிப் பேசலாம், மூடநம்பிக்கையைப் பற்றிப் பேசலாம், மொழியைப் பற்றிப் பேசலாம். மல்லரைப் பற்றியா ஒரு சொற்போர் என்று எண்ணினோம். ஆனால் இளைஞர்கள் விடவில்லை. 2025 டிசம்பர் 13 அன்று அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனிலே ஜான் சீனா என்ற மல்லர் தம் இறுதி ஆட்டத்தை ஆடி, குந்தர் என்ற மல்லரிடம் தோற்று விடைபெற்றார். அந்தக் காட்சியைக் கைப்பேசியிலே பார்த்துக் கண்கலங்கியவர்கள் சோலூரிலும் உண்டு. “இனி அவர் வரமாட்டாராம், அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா?” என்பதுதான் அவர்களை உலுக்கிய கேள்வி.

நமக்கும் அந்த உலகம் புதிதன்று. பள்ளி நாட்களிலே டிரம்ப் கார்டு அட்டைகளைச் சட்டைப் பையிலே திணித்துக்கொண்டு திரிந்தவர்கள்தாம் நாமும். எந்த மல்லன் எத்தனை அடி உயரம், எத்தனை கிலோ எடை என்பதெல்லாம், வாய்பாடு மறந்துபோன நாளிலும் நமக்கு மறந்ததில்லை.

சொற்போர் சூடாக நடந்தது. “கடன் உண்டு” என்ற அணி கைதட்டலை அள்ளிச் சென்றது. தீர்ப்புக் கூற நாம் எழுந்தோம். “உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினையாதது தமிழர் மரபு. ஊட்டி வளர்த்த தொழிலை உதறுவதும், உயர்த்திப் பிடித்த ரசிகரை மறப்பதும் உத்தமர்க்கு அழகன்று” என்று முழங்கினோம். மன்றம் அதிர்ந்தது. எதுகை இருந்தது, மோனை இருந்தது, எண்ணம் மட்டும் இல்லை. அதை உணர்த்தியவர் ஏடு தொட்டறியாத ஒரு மூதாட்டி, நம் அப்பாயி.

வீடு திரும்பியதும், “இன்னைக்கு என்ன பேசுனீங்க கண்ணு?” என்று அப்பாயி கேட்டார். சொன்னோம். மல்லன் என்றால் யார், மேடையிலே என்ன செய்வான், ஓய்வு பெற்றபின் ரசிகர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்றெல்லாம் விளக்கினோம். அடுப்பிலே விறகைத் தள்ளிக்கொண்டே கேட்டவர், கடைசியிலே ஒன்றே ஒன்று வினவினார்:

“அது சரி, அவனுக்குக் கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாங்களா?”

நமக்கு விடை தெரியவில்லை. கடன் உண்டா இல்லையா என்று இரண்டு மணி நேரம் வாதிட்ட மன்றத்திலே, கணக்கு முடிந்ததா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. தீர்ப்பு வழங்கிய நமக்கும் தோன்றவில்லை.

அப்பாயியின் வாயிலே அந்தக் கேள்வி ஏன் பிறந்தது என்பது நமக்குத் தெரியும். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். இலங்கை மலையகத்திலே உழைத்த தமிழரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்குப் பார்த்துப் பங்கு பிரித்தார்கள். மூட்டையை எண்ணுவதுபோல் மக்களை எண்ணிய ஒப்பந்தம் அது. அந்த எண்ணிக்கையிலே ஒருவராக, தலைமன்னாரிலே கப்பலேறி இராமேசுவரத்திலே இறங்கி, மண்டபம் முகாம் வழியாக 1971-ல் நீலகிரிக்கு வந்த பதினான்கு வயதுச் சிறுமிதான் அப்பாயி. அடுத்த ஆண்டே கொழுந்துக் கூடை முதுகிலே ஏறியது. 2015-ல்தான் இறங்கியது. நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

பணிக்கொடைக்கென்று 1972-ல் இயற்றிய சட்டம், ஓராண்டு உழைப்புக்குப் பதினைந்து நாள் கூலி என்று வகுத்தது. நாற்பத்து மூன்று ஆண்டுக்கு 645 நாள் கூலி. முப்பது நாளிலே வழங்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. வந்தது எப்போது? நான்கு ஆண்டு கழித்து, இரண்டு தவணையாக! தோட்டத்தின் பெயர் வேண்டாம்; எந்தப் பெயரைப் போட்டாலும் எங்காவது பொருந்தும். “லயத்து வீட்டைக் காலி செய், பணம் தருகிறோம்” என்றது நிர்வாகம். “பணம் தாருங்கள், காலி செய்கிறேன்” என்றார் அப்பாயி. இடையிலே ஒரு நாள் கணக்கப்பிள்ளை கூறினாராம்: “இத்தனை வருஷம் சோறு போட்ட தோட்டம். அதுக்கு நீ இப்படியா நன்றி காட்டுறது?”

சோறு போட்டது தோட்டமா? தோட்டத்துக்குச் சோறு போட்டது அப்பாயியின் விரலன்றோ? நாற்பத்து மூன்று ஆண்டு பறித்த கொழுந்து எத்தனை ஆயிரம் கிலோ என்று யார் எண்ணினார்கள்? ஆயினும், “நன்றி கெட்டவள்” என்ற பட்டம் கூசாமல் அவருக்குச் சூட்டப்பட்டது. அதே பட்டத்தைத்தான் நாம் நடுவர் நாற்காலியிலே அமர்ந்து, யாரோ ஒரு மல்லனுக்குச் சூட்டிவிட்டு வந்திருக்கிறோம். அப்பாயியின் கேள்வியைக் கேட்டபின் அந்தக் கைதட்டல் காதிலே குத்தியது.

ஆகவே, தோழர்களே, தீர்ப்பை மறுபடி ஆராய்கிறோம்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். இந்த மற்போரிலே யார் வெல்வது, யார் வீழ்வது என்பது முன்னதாகவே முடிவு செய்யப்படுகிறது. இது நாம் கண்டுபிடித்த இரகசியமன்று. 1989-ல் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன்னே உரிமையாளர் தரப்பே அதை ஒப்புக்கொண்டது. போட்டி என்றால் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடு உண்டு, வரி உண்டு. காட்சி என்றால் தப்பலாம். வருமானத்துக்கு ஆபத்து வந்ததும் வாய் திறந்தது. அதுவரை, உண்மையைச் சொல்லும் மல்லன் தொழிலுக்குத் துரோகி!

முடிவு நாடகம்தான், ஆனால் விழுவது நாடகமன்று. பலகையின்மேல் முதுகு மோதுவது உண்மை. முழங்கால் தேய்வது உண்மை. கழுத்தெலும்பு நகர்வது உண்மை. 1999 மே 23 அன்று கான்சாஸ் நகர அரங்கிலே ஓவன் ஹார்ட் என்ற மல்லரை, வேடிக்கைக்காகக் கூரையிலிருந்து கயிற்றிலே இறக்க முயன்றார்கள். பிடி விட்டது. விழுந்தார்; மாண்டார். அவருக்கு வயது முப்பத்து நான்கு. அன்றைய காட்சி நிறுத்தப்பட்டதா? இல்லை. அடுத்த ஆட்டம் தொடர்ந்தது. சீட்டு விற்றாயிற்றே!

இந்தத் தொழிலுக்கு மல்லன் என்ன கடன்பட்டான்? “பெயரும் புகழும் கொடுத்தது தொழில்தானே” என்று நம் சொற்போரிலே ஒரு தம்பி கேட்டான். சரி, தொழில் அவனைத் தன் பிள்ளையாகவா நடத்தியது? அமெரிக்காவின் மிகப் பெரிய நிறுவனமான டபிள்யூ டபிள்யூ இ, தன் மல்லர்களைத் தொழிலாளர் என்று கூட எழுதுவதில்லை. தனி ஒப்பந்தக்காரர் என்றே எழுதுகிறது. இவன் எங்கே ஆடவேண்டும், எந்தப் பெயரிலே ஆடவேண்டும், யாரிடம் தோற்கவேண்டும் என்று அனைத்தையும் நிறுவனம் ஆணையிடும். ஓய்வூதியம் எங்கே என்று கேட்டால், “நீர் சுதந்திர மனிதர் ஆயிற்றே” என்னும்! ஆட்டி வைக்கும்போது அடிமை; கணக்கு முடிக்கும்போது சுதந்திர மனிதன். இந்தத் தந்திரம் தேயிலைத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிக்குப் புரியும். நமக்குத்தான் கைதட்டலிலே புரியாமற் போயிற்று.

1986-ல் ஜெசி வெஞ்சுரா என்ற மல்லர், நமக்கும் ஒரு சங்கம் வேண்டும் என்று உடை மாற்றும் அறையிலே பேசினார். முன்னணி மல்லர் ஒருவரே அதை முதலாளியின் காதிலே போட்டுவிட்டார் என்று வெஞ்சுரா பின்னர் கூறினார். சங்கம் பிறக்கவில்லை. அந்த வெஞ்சுரா பின்னாளிலே மின்னசோட்டா மாநில ஆளுநராகவே ஆனார். மல்லர் சங்கத்தை மட்டும் அமைக்க முடியவில்லை. மாநிலத்தை ஆள்வதைக் காட்டிலும் அரிய செயல் போலும் அது!

“செஞ்சோற்றுக் கடன்” என்ற சொல்லை நம் நாட்டிலே எவ்வளவு இனிமையாகச் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள்! கர்ணன் கதையைக் காட்டிக் கண்ணீர் வரவழைக்கிறார்கள். சோறிட்டவன் செய்வது அறமா மறமா என்று பார்க்காதே, அவனுக்காக மாண்டுபோ என்பதுதான் அந்தக் கதையின் சாரம். பகுத்தறிவு என்ன கேட்கிறது? சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறது. உழைத்தவன் உண்டது ஊதியம், பிச்சையன்று. ஊதியத்தைப் பிச்சையாக்கிக் காட்டி, அந்தப் பிச்சைக்கு வாழ்நாள் வட்டி வாங்கும் ஏற்பாட்டுக்குத்தான் செஞ்சோற்றுக் கடன் என்று பெயர்.

அடுத்தது ரசிகர் கடன். சீட்டு வாங்கினான்; காட்சி கண்டான்; மகிழ்ந்தான்; வீடு திரும்பினான். அங்கே கணக்கு முடிந்தது. “இல்லை, பணம் மட்டுமா கொடுத்தோம்? அன்பையும் கொடுத்தோமே” என்கிறான் ரசிகன். அன்பு கொடுத்ததற்கு ரசீது கேட்பவன் அன்பு கொடுத்தவனா, கடன் கொடுத்தவனா?

இந்த அன்பு மல்லனை என்ன பாடு படுத்துகிறது என்பதற்கு ரிக் ஃபிளேர் ஒரு சான்று. 2008 மார்ச் 30 அன்று, எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கூடிய அரங்கிலே தோற்று விடைபெற்றார். கண்கலங்காதோர் இல்லை. ஈராண்டு செல்லுமுன் வேறொரு நிறுவனத்திலே மறுபடி களமிறங்கினார். 2022 ஜூலை 31 அன்று, எழுபத்து மூன்று வயதிலே, “இறுதி ஆட்டம்” என்று மீண்டும் ஆடினார். ஒரு சாரார், “விடை பெற்றவன் வரலாமா, எங்கள் கண்ணீரை வீணாக்கினானே” என்று வைதார்கள். மறு சாரார் சீட்டு வாங்கினார்கள். ஓய்ந்தவன் வராவிட்டால் நன்றி கெட்டவன். வந்தால் மானம் கெட்டவன்! எழுபத்து மூன்று வயதிலே ஒருவர் ஏன் மேடையேறுகிறார்? புகழ்ப்பசியா, பொருட்பசியா என்று நாம் அறியோம். இரண்டிலே எதுவானாலும் அந்தப் பசியை மூட்டியது கைதட்டல்தான்.

நம் நாட்டுக்கு வருவோம். காமா! 1910-ல் இலண்டன் சென்று, எந்த மல்லனாயினும் வருக என்று அறைகூவியவர். அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ, வெல்ல வழியின்றி, ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் தரையைக் கட்டிக்கொண்டு தப்பினார். மறுவாரம் மீண்டும் மோத நாள் குறித்தார்கள்; ஸ்பிஸ்கோ வரவேயில்லை. 1928-ல் பாட்டியாலாவிலே சந்தித்தபோது ஒரு நிமிடம் கூட நிற்கவில்லை. வெள்ளையன் ஆண்ட காலத்திலே அடிமை நாட்டு மல்லன் பெற்ற வெற்றி அது. நாடே நெஞ்சு நிமிர்த்தியது. அந்தக் காமாவின் முதுமை எப்படி? பாட்டியாலா மன்னரின் ஆதரவிலே வாழ்ந்தவர். நாடு பிரிந்தது, மன்னர் ஆட்சி மறைந்தது, ஆதரவும் மறைந்தது. லாகூரிலே நோயும் வறுமையுமாக இருந்தார். செய்தி அறிந்த தொழிலதிபர் பிர்லா இரண்டாயிரம் ரூபாயும், மாதம் முந்நூறு ரூபாயும் உதவினார் என்பது வரலாறு. பாகிஸ்தான் அரசும் மருத்துவச் செலவுக்கு உதவியது. 1960 மே 23 அன்று காமா மறைந்தார்.

பிர்லாவின் ஈகையைக் குறை கூறவில்லை. ஆனால் எண்ணிப் பாருங்கள். நாட்டின் பெருமைக்கு உழைத்த உடல், நோயுற்ற நாளிலே ஒரு செல்வரின் இரக்கத்தை நம்பியிருந்தது. மன்னன் தந்தால் மானியம். செல்வன் தந்தால் தருமம். உரிமை என்று ஒன்று அந்த மாவீரனுக்கு எவரும் எழுதி வைக்கவில்லை. இந்தக் கணக்கிலே கடனாளி யார்? காமாவா, கைதட்டிய நாடா?

தாராசிங் கதை வேறு. பஞ்சாப் சிற்றூரிலே பிறந்து, 1947-ல் சிங்கப்பூர் சென்று, பீப்பாய் செய்யும் ஆலையிலே வேலை பார்த்துக்கொண்டே மற்போர் பயின்றவர். அவருடைய பெயரும், அவரோடு மோதிய அங்கேரி நாட்டுக் கிங்காங்கின் பெயரும் தமிழ்நாட்டுப் பட்டிதொட்டியெல்லாம் பரவின. இன்றும், துள்ளும் பையனைப் பார்த்து, “பெரிய தாராசிங்குன்னு நினைப்போ?” என்று கேட்கும் வழக்கம் போகவில்லை. கிங்காங் 1970-ல் கார் விபத்திலே சிக்கி மாண்டார். தாராசிங் 1983-ல் டெல்லியிலே ஓய்வை அறிவித்தார். திரைப்படம் அவருக்குக் கைகொடுத்தது, வசதியாக வாழ்ந்தார், 2003 முதல் 2009 வரை மாநிலங்களவையிலே அமர்ந்தார், 2012-ல் மறைந்தார்.

ஆனால் ரசிகர்கள் அவரை என்ன செய்தார்கள்? 1987-ல் தொலைக்காட்சி இராமாயணத்திலே அனுமனாக நடித்ததும் கும்பிடத் தொடங்கிவிட்டார்கள்! ஆலையிலே உழைத்துக் கொண்டே பயின்று வளர்த்த உடலை, அருளாலே வந்த உடல் என்றாக்கினார்கள். உழைப்பை மறைக்க இதைவிட நல்ல வழி உண்டா? மனிதனைக் கடவுளாக்குவதிலே இன்னொரு வசதியும் இருக்கிறது. கடவுளுக்கு மூட்டுவலி வராது. கடவுளுக்கு மருந்துச் செலவு கிடையாது. கடவுளுக்கு ஓய்வூதியம் வேண்டாம். ரசிகன் பக்தனாகும்போது, மல்லன் மனிதன் என்பதே மறந்துபோகிறது.

இது இன்றைய நோயா? இல்லை. நம் புறநானூற்றிலேயே அதன் வேரைக் காணலாம். சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது அவனை வீழ்த்தியதைச் சாத்தந்தையார் பாடியிருக்கிறார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், அந்தச் சோழன்மீது கொண்ட காதலைப் பாடியிருக்கிறார். அவன் வென்றானா இல்லையா என்று ஊரார் இருவகையாகப் பேசும்போது தாம் தவித்த தவிப்பையும் பாடியிருக்கிறார். தமிழிலே முதல் மற்போர் ரசிகை அவராகத்தான் இருக்கவேண்டும்! அருமையான பாட்டுகள், பெருமைப்படுகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: வீழ்ந்த மல்லனின் பெயர் என்ன? பாட்டிலே ஊர்ப்பெயர் உண்டு. ஆள் பெயர் இல்லை. அரசனுக்கு மற்போர் ஒரு நாள் வீரம். மல்லனுக்கு அதுவே வாழ்க்கை. வீரத்துக்குப் பெயர் கிடைத்தது. வாழ்க்கைக்குப் பெயர் இல்லை. ஈராயிரம் ஆண்டாகக் கணக்கு முடியாத மல்லன் அவன்.

“அப்படியானால் ஓய்வு பெற்றவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லையா? இளைய மல்லருக்குக் கூடவா?” என்று நம் தோழர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி. தமிழிலே “கடன்” என்ற ஒரே சொல் இரண்டு பொருளிலே வழங்குகிறது. வாங்கியதைத் திருப்பித் தருவதும் கடன். வாங்காமலே, தன் உள்ளம் ஏவச் செய்வதும் கடன். முன்னதை மற்றவன் கேட்கலாம். பின்னதைத் தன் மனச்சான்று ஒன்றுதான் கேட்க முடியும். நம் சொற்போரிலே நேர்ந்த குழப்பம் இதுதான். இரண்டாவது கடனை முதற்கடன் போல வட்டியோடு வசூலிக்கப் பார்த்தோம்.

தலிப்சிங் ராணா என்ற காலி, 2007-ல் உலகப் பட்டம் சூடியவர். 2015-ல் ஜலந்தரிலே பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கே பயின்ற கவிதா தேவி, 2017-ல் டபிள்யூ டபிள்யூ இ மேடையேறிய முதல் இந்தியப் பெண் ஆனார். சேலைக்குள்ளே அடங்கிக் கிட என்று பெண்ணுக்குச் சொல்லும் நாட்டிலே அது சிறு செயலன்று. பாராட்டுகிறோம். ஆனால், பள்ளி தொடங்காத மல்லனைப் பழிக்க அது சான்றாகாது. பெரியார் தமது தொண்ணூற்று நான்கு வயதிலும், இறப்பதற்குச் சில நாள் முன்பு, 1973 டிசம்பர் 19 வரை மேடையேறிப் பேசினார். யாருக்குக் கடன் பட்டிருந்தார் அவர்? தம் உள்ளத்துக்கே. அதற்குத் தொண்டு என்று பெயர். தொண்டைக் கடனென்று கேட்டு வாங்கினால் அது வெட்டிவேலை. வெட்டிவேலையை ஒழிக்கப் பிறந்த இயக்கத்தார் நாம்.

ஒரே ஒரு பொறுப்பை மட்டும் நாம் உரிமையோடு வேண்டுவோம், அதுவும் கடனாகவன்று, தோழமையாக. அது உண்மை உரைப்பது. இந்தத் தொழில் ஓய்வு பெற்றவரிடம் எதிர்பார்க்கும் “நன்றி” என்ன தெரியுமா? வாய்மூடல்! ஊசி மருந்தைப் பற்றிப் பேசாதே. உடைந்த முதுகைப் பற்றிப் பேசாதே. இளம் வயதிலே மாண்ட தோழர்களைப் பற்றிப் பேசாதே. பேசினால், தின்ற சோற்றுக்கு நன்றி இல்லாதவன்.

அந்தப் பழிக்கு அஞ்சாத ஒருவரைச் சொல்கிறோம். புரூனோ சம்மார்ட்டினோ. இத்தாலியிலிருந்து குடியேறிய ஏழை. இரு முறையாக மொத்தம் பதினோராண்டுக்கு மேல் முதற்பட்டத்தைத் தாங்கியவர். நியூயார்க் அரங்கை நிரப்பியவர். 1980-களின் இறுதியிலே தொழிலை விட்டு வெளியே வந்ததும், தசையைச் செயற்கையாகப் பெருக்கும் மருந்து இளைஞரை அழிக்கிறது என்று ஊரறியப் பேசினார். 1991-ல் மல்லர்களுக்கு அந்த மருந்தை விற்ற மருத்துவர் ஒருவர் பென்சில்வேனியா மாநிலத்திலே குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. சம்மார்ட்டினோ கற்பனையாகப் பேசவில்லை என்பது விளங்கிற்று. புகழ்மன்றத்திலே சேருக என்று நிறுவனம் அழைத்தபோதெல்லாம் மறுத்தார். 2006-ல் மருந்துச் சோதனை முறை வந்தது. அது உண்மையிலேயே நடைபெறுகிறதா என்று பார்த்து மனநிறைவு கொண்ட பின்னரே, 2013-ல் அழைப்பை ஏற்றார். 2018-ல் மறைந்தார்.

நன்றி கெட்டவரா அவர்? முதலாளியின் ஏட்டிலே அப்படி இருக்கலாம். அவருடைய பேச்சால் ஊசியை மறுத்த ஒரு சிறுவன் எங்கேனும் இருந்தால், அவன் வீட்டு ஏட்டிலே வேறு விதமாக இருக்கும்.

ஒலிம்பிக் மற்போரிலும் இதே பாடம் உண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கிலே வெண்கலம் வென்றவர் சாக்ஷி மாலிக். மற்போரிலே ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண். கூட்டமைப்பின் அன்றைய தலைவர்மீது வீராங்கனைகள் பாலியல் துன்புறுத்தல் புகார் எழுப்பி, 2023 ஜனவரியிலே டெல்லித் தெருவிலே அமர்ந்தபோது அவரும் அமர்ந்தார். தலைவர் புகாரை மறுத்தார். அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று, அந்தத் தலைவருக்கு நெருங்கியவரே கூட்டமைப்புத் தேர்தலிலே வென்றதும், சாக்ஷி தம் காலணியைக் கழற்றிச் செய்தியாளர் மேசைமீது வைத்து, மற்போரிலிருந்து விலகினார். “நாடு உனக்கு எவ்வளவு செய்தது” என்று அவரிடமும் கேட்டார்கள். அந்தக் காலணி திருப்பிக் கேட்ட கேள்விக்கு விடை எங்கே?

தோழர்களே, மல்லரைப் பற்றிய சொற்போர் வீண் என்று முதலிலே நகைத்தோம். அந்த நகைப்பையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். உழைத்து ஓய்ந்தவரைப் பார்த்து, “நீ யாருக்குக் கடன்?” என்று கேட்பது நம் நாட்டு நோய். கொழுந்து பறித்தவரைக் கேட்கிறார்கள்; தறி நெய்தவரைக் கேட்கிறார்கள்; தெருக் கூட்டியவரைக் கேட்கிறார்கள்; மேடையிலே விழுந்து எழுந்தவரையும் கேட்கிறார்கள். ஓய்ந்த முதலாளியை மட்டும் எவரும் கேட்பதில்லை.

வரும் ஞாயிறன்று படிப்பகத்திலே எழுந்து நின்று, நம் தீர்ப்பு பிழை என்று கூறப்போகிறோம். ஓய்வு பெற்ற மல்லர் தொழிலுக்குக் கடன்பட்டவர் அல்லர். ரசிகருக்கும் கடன்பட்டவர் அல்லர். தொழில் அவருக்குக் கடன்பட்டது; ரசிகர், அவரை மனிதராக நினைக்கும் அளவுக்கேனும் கடன்பட்டவர். நடுவர் தீர்ப்பை மாற்றலாமா என்று சிலர் கேட்பார்கள். பிழை என்று தெரிந்தபின் மாற்றாதிருக்க அது வேதமா?

இன்னொரு வேலையும் இருக்கிறது. நம் அப்பாயிக்குப் பணம் வந்துவிட்டது. அவரோடு கூடை சுமந்த மூவருக்கு இன்னும் வரவில்லை. அவர்களுக்கு எழுதத் தெரியாது; நம் இளைஞர்களுக்குத் தெரியும். தொழிலாளர் துறை அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதுவது எப்படி, எத்தனை ஆண்டுக்கு எத்தனை நாள் கூலி, வட்டி எவ்வளவு என்பதை அன்று கரும்பலகையிலே கணக்காகப் போட்டுக் காட்டுவோம். தலைப்பு மட்டும் அப்பாயியுடையது:

கணக்கு முடிச்சுக் குடுத்துட்டாங்களா?